திங்கட்கிழமைத் தண்ணீர்

அலுவலகத்தில் அவளுக்குத் தண்ணிக்காரி என்று பெயர். கிருமிக்கொல்லி மருந்து செய்யும் ஆலைக்குக் கீழே ஓடும் ஆற்றில் மருந்துக் கழிவு எவ்வளவு, அது உயிர்களுக்கு ஆபத்தா என்று கணக்கிட்டுக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஆறு வருடமாகத் திங்கட்கிழமை காலையில்தான் பாட்டில் நிரப்புவாள். ஆய்வுக்கூடம் அன்றுதான் வாங்கும். நாள் கடந்தால் மருந்து சிதைந்துவிடும். ஆறு வருடமும் ஒரே முடிவு: ஆபத்து குறைவு.

அதை நம்பித்தான் அக்கா வீட்டுக்காரர் அங்கே வலை போட்டார். "எங்க மச்சினிச்சி பாத்துச் சொன்ன தண்ணி" என்று சந்தையில் மீனோடு அவள் பெருமையையும் சேர்த்து விற்ற மனுஷன். முழங்காலில் மீன்முள் கீறிய காயத்தோடு இப்போது மருத்துவமனையில் கிடந்தார். மூன்று மருந்து மாற்றியும் சீழ் நிற்கவில்லை.

"கிருமிக்கு மருந்தெல்லாம் பழகிப்போச்சும்மா," என்றார் டாக்டர். "எங்கயோ தினம் கொஞ்சம் கொஞ்சமா தின்னு வளந்திருக்கு. காலை எடுத்துடணும்."

அத்தானைப் பார்க்க வந்திருந்த கூட்டாளி ஆலையில் மருந்து காய்ச்சும் தொட்டி கழுவுபவர். அவள் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"அண்ணே, தொட்டி எப்பக் கழுவுவீங்க?"

"செவ்வாயும் வெள்ளியும். ஞாயித்துக்கிழமை லீவாச்சே, திங்கக் காலைல கழிவுக்குழாய்ல சொட்டுகூட வராது. ஏம்மா?"

யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஆலை ஓய்வெடுத்த தண்ணீரையே ஆறு வருடம் மொண்டு அளந்திருக்கிறாள். இவ்வளவு படித்து என்னத்தைக் கிழித்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்பது தொழில் கற்றுக்கொடுத்த புத்தி. வெள்ளியன்று பாட்டில் நிரப்பி, ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை முடிவு வந்தது: பாதுகாப்பான அளவைப்போல் முந்நூறு மடங்கு.

தாளோடு மருத்துவமனைக்கு ஓடினாள். அறுவை முடிந்து மூன்று நாளாகியிருந்தது. அத்தான் கண்ணை மூடிக் கிடந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். உன் பொண்ணு எங்க?"

"வலையெடுத்துட்டுப் போயிருக்கா. நாலு நாளாச்சு ஆத்துல இறங்க ஆரம்பிச்சு. அப்பா பாத்துக்கிட்ட தொழிலை யாராவது பாக்கணுமில்ல? கையில ஏதோ சிராய்ப்பாம். நான்தான் சொன்னேன், சித்தி பாத்த தண்ணிடி, ஒண்ணும் ஆகாதுன்னு."

அவள் சொன்னாள். எல்லாவற்றையும், ஒரே மூச்சில்.

அக்கா செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்கு ஓடினாள். அத்தானும் பதறி எழுந்து, இல்லாத காலைத் தரையில் ஊன்றினார்.