ஏழாம் கேள்விக்கு ஒரு டிக்

“ரெண்டு நிமிஷம் நாப்பது!”

ஆராய்ச்சி மையத்தின் வரவேற்பறைத் தரையில் மகனை ஒருக்களித்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினாள் அவள். ஐந்து வயது உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் வைக்க ஸ்பூனோடு ஓடிவந்தார் செக்யூரிட்டி.

“அதை உங்க டீயில போடுங்கண்ணே! வாயில எதுவும் வைக்கக் கூடாது!”

மூன்று நிமிடம் ஆயிற்று. மூக்கில் மருந்தை அடித்தாள். இழுப்பு மெல்ல அடங்கியது. இன்றைக்கு இது இரண்டாவது.

பத்து நிமிடத்தில் பையன் டாக்டரம்மாவின் அறை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். வலிப்புக்குக் காரணமான ஜீன்களைத் தேடும் டாக்டர் அவர்.

“நாளைக்கு ஆஸ்பத்திரியில டோஸை ஏத்தப் போறாங்க மேடம். அதுக்குள்ள எனக்கு ரிசல்ட் வேணும். ரெண்டு வருஷமா எங்க ரத்தத்தை வெச்சுக்கிட்டு என்ன, ஊறுகாயா போடறீங்க?”

“ரிசல்ட் வரலைன்னு யாரும்மா சொன்னது?”

“எங்கண்ணன். மாசா மாசம் உங்களைக் கேக்கறாரே!”

கணவனுக்குக் கப்பலில் வேலை. ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, நடு வழியில் நின்ற ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் அவளுக்கு அண்ணன்தான்.

டாக்டரம்மா கோப்பிலிருந்து அவளுடைய சம்மதப் படிவத்தை உருவி நீட்டினார். ஏழாம் கேள்வி: முடிவைத் தாய்க்குத் தெரிவிக்கலாமா? ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக். தொடர்பு எண் அண்ணனுடையது. அடியில் அவளுடைய கையெழுத்து.

ரத்தம் எடுத்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஊசி குத்தியதும் பையனுக்கு இழுத்தது. “நீ புள்ளையைப் பிடி, நான் எழுதிடறேன்” என்றார் அண்ணன். அவர் விரல் காட்டிய இடத்தில் படிக்காமல் கிறுக்கிக் கொடுத்தாள்.

“ரிசல்ட் வந்து பதினாலு மாசமாச்சு. முக்கியமான ரிசல்ட்டுங்கறதால அந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். உங்கண்ணன் நேர்ல வந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். ‘தங்கச்சிகிட்ட நானே பக்குவமா சொல்றேன்’னார். நம்பிட்டேன். உங்களை நேரா கூப்பிட்டிருக்கணும். தப்புத்தான்.”

“இப்பச் சொல்லுங்க.”

“மூளையில மின்சாரத்தைக் கட்டுக்குள்ள வைக்கிற ஒரு ஜீன்ல பிழை இருக்கு. உங்க வழியா வந்தது. பையன் சாப்பிடற மாத்திரை இந்தப் பிழைக்கு ஆகவே ஆகாது. வலிப்பை அடக்காது, கிளப்பிவிடும். டோஸை ஏத்தக் கூடாது. நீங்களா நிறுத்தவும் கூடாது. இருங்க, உங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன்.”

போனோடு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

பதினாலு மாதம். நாளுக்கு இரண்டு வேளை. தேனில் குழைத்து, கொஞ்சி, கதை சொல்லி ஊட்டியிருக்கிறாள். தன் வலது கையையே வெறித்தாள்.

கதவு திறந்தது. வழியிலிருந்து அவள் போட்ட போனுக்கு மூச்சிரைக்க வந்து நின்றார் அண்ணன். மேஜையில் படிவத்தைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏண்ணே?”

“சத்தம் போடாதே குட்டிம்மா. புள்ளை முழிச்சுக்குவான்.”

“என் புள்ளை மேல என்னா அக்கறை! ஏன் மறைச்சேன்னு சொல்லு.”

“என் பெரிய பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சு வர்ற நேரம். நம்ம வீட்டு ரத்தத்துல இது இருக்குன்னு வெளியே கசிஞ்சா யாரு கட்டிக்குவா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு... உனக்காக நான் உயிரையே குடுப்பேன், தெரியுமில்ல?”

“உன் உயிரை நீயே வெச்சுக்கோ. நான் கேட்டது ஒரு காகிதம்.”

அவளுக்கு உதடு துடித்தது. அண்ணன் பக்கத்தில் குனிந்து, சின்ன வயதில் சமாதானம் செய்யும் அதே குரலில் சொன்னார்:

“அழாதே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிடலை. மாத்திரையை மாத்தினா ரெண்டே வாரத்துல குறைஞ்சுடும். முதல் மாசம் தூக்கம் மட்டும் சொக்கும். அப்புறம் அதுவும் சரியாயிடும்.”

அவள் நிமிர்ந்தாள்.

“இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?”

அண்ணன் மேஜையிலிருந்த படிவத்தை மடிக்கத் தொடங்கினார்.

“கேக்கறேன்ல?”

“பெரியவளுக்கு அப்படித்தான் ஆச்சு” என்றார், தரையைப் பார்த்து. “பதினாலு மாசத்துக்கு முன்னாடி... அவளுக்கும் இதே மாத்திரையை மாத்தினப்போ.”