எழுபது டிகிரி

கேரட் விவசாயி இரும்புக் குழாயால் முதல் அடி அடித்தபோதே மச்சினனின் முன்கை முறிந்துவிட்டது. விதை உருட்ட ஓடிக்கொண்டிருந்த டிரம்மின் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் 'மாவு' என்று எல்லோரும் கூப்பிடும் அவன் அக்கா புருஷனுக்குக் கேட்டது.

"பன்னெண்டு ஏக்கர்டா. ஒண்ணுகூட முளைக்கல," என்ற விவசாயி, மண்ணிலிருந்து தோண்டி எடுத்து வந்த விதை உருண்டைகளை மச்சினனின் முகத்தில் விட்டெறிந்தார்.

கேரட் விதை கொசு அளவுதான் இருக்கும். அப்படியே விதைத்தால் ஓரிடத்தில் கொத்தாக விழும், இன்னோரிடத்தில் வெறும் மண் இளிக்கும். அதை டிரம்மில் உருட்டி, பசைத்தண்ணீர் தெளித்து, களிமண் பொடி தூவி, மிளகு அளவு உருண்டையாக்குவது மாவின் வேலை. தலைமுதல் கால்வரை பொடி அப்பிக் கிடப்பான், பட்டப்பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். உருண்டைகளை முப்பத்தைந்து டிகிரியில் பதமாக உலர்த்துவது அவன் மனைவியின் தம்பியான இந்த மச்சினனின் வேலை. சூடு ஏறி உள்ளே விதை வெந்துபோனாலும் வெளியே உருண்டை லட்சணமாகத்தான் இருக்கும். வெந்தால் பழி யார் தலையில் விழும் என்று கேட்கவே வேண்டாம்.

அடுத்த அடி விலாவில் இறங்கியது. மச்சினன் சுருண்டு விழுந்து ரத்தம் துப்பினான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாவு கெட்டவன் இல்லை, சரியான பயந்தாங்கொள்ளி. டிரம்முக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தான்.

குழாய் மச்சினனின் மண்டையைக் குறிவைத்து மேலே போனபிறகுதான் மாவு பாய்ந்து அதைப் பிடித்தான்.

"அவன விடுங்க. சூட்டை ஏத்துனது நான்."

"மச்சினனுக்காகப் பொய் சொல்றியா?" விவசாயி அவன் வயிற்றில் எட்டி உதைத்தார். மாவின் நெற்றி டிரம் விளிம்பில் மோதிக் கிழிந்தது.

"பொய் இல்லைங்க. லாரி வாசல்ல நின்னுது. சீக்கிரம் காயட்டும்னு இவன் சாப்பிடப் போன நேரத்துல எழுபதுல வச்சேன். வர்றதுக்குள்ள இறக்கிட்டேன்."

விவசாயி நம்பினாரோ இல்லையோ, தரையில் கிடந்தவன் நம்பிவிட்டான்.

"அன்னிக்கு உலர்த்துற தட்டைத் தொட்டப்ப கை சுட்டுது மாமா," என்றான் மச்சினன். "நான்தான் தப்பா வச்சிட்டேனோன்னு ஒரு மாசமா தூங்கல. உங்ககிட்டதானே வந்து அழுதேன்."

மாவு தலையைக் குனிந்தான். அன்று அவன் தோளில் தட்டி, "விடுடா, யாருக்குத் தெரியப்போகுது" என்று ஆறுதல் சொன்னதும் இதே மகராசன்தான்.

மச்சினன் சுவரைப் பிடித்து எழுந்தான். முறியாத கையை விவசாயியிடம் நீட்டினான். அவர் குழாயைக் கொடுத்தார்.