வீட்டார் ஆமென்

புருஷனின் வலது கையை மடக்கி அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். அது நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு கட்டில் விளிம்புக்கே போனது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான், சொன்ன பேச்சு கேட்காது. செத்த பிறகு மட்டும் கேட்டுவிடுமா என்ன? துண்டைச் சுருட்டி முழங்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி எடுத்து வைத்தாள். இந்த முறை நின்றது.

முன் அறையில் மூப்பரின் குரல் கேட்டது. சபைக்கு மூப்பர், பிழைப்புக்குத் தையல்காரர். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடைசியில அறிக்கை பண்ணிட்டான். வலது கையை உயர்த்தி, வாயைத் திறந்து, இயேசு தேவன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினான்.”

“ஸ்தோத்திரம்” என்றார்கள் நாலைந்து பேர். “எப்படியோ, போற நேரத்துல திருந்திட்டாரு வெல்டர்” என்றாள் ஒருத்தி.

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். புருஷனின் வலது கையைப் பார்த்தாள். துண்டின் முட்டு இல்லாமல் இருக்க மாட்டேன் என்கிற கை. இதையா உயர்த்தினான்?

காலையில் நடந்ததை மனசுக்குள் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். போர்வை நனைந்திருந்தது. அதைக் கசக்கி வாளியில் வைத்திருந்தாள். மூப்பரும் கொழுந்தனும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர்தான், “வெயில் இருக்கும்போதே மாடியில காயப்போட்டுட்டு வா தங்கச்சி, நாங்க பாத்துக்கிறோம்” என்றார். அவளும் போனாள். கொடியில் போட்டு கிளிப் மாட்டிவிட்டு இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூப்பர் எழுந்து நின்றிருந்தார். கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்க பாத்துக்கிறோம். எதைப் பார்த்துக்கொண்டார்கள்?

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபை விலக்கி வைத்த ஆள் சாகக் கிடந்தால், இரண்டு சாட்சிகள் போய் ‘இயேசு யார்?’ என்று கேட்பார்கள். தேவன் என்று வலது கையை உயர்த்திச் சொல்லிவிட்டால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. அதுவும் சாட்சிகள் சொன்னால் மட்டும் போதாது. குழிக்கரையில் எல்லார் முன்னாலும் வீட்டார் அதற்கு ஆமென் சொல்ல வேண்டும். வீட்டார் வாயை மூடிக்கொண்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் பொது மயானத்துக்குப் போக வேண்டியதுதான்.

சபைத் தோட்டத்தில்தான் அவர்களுடைய பாப்பா இருக்கிறாள். அவள் பக்கத்தில் ஓர் ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. அதில் வேறு யாரையாவது வைத்துவிடுவார்களோ என்று வெல்டர் ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். நடை போன பிறகும், “இடம் இருக்கா பாரு” என்று அவளைத்தான் விரட்டுவான். பேச்சும் குழறிப்போன பிறகு, கண்ணாலேயே கேட்பான்.

அந்தப் பாப்பாவால்தான் எல்லாம். காய்ச்சலில் போன பிள்ளை. புதைத்துவிட்டு வந்த அன்று மூப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, “இயேசு தேவன்டா. எல்லாம் தெரிஞ்சவர். காரணமில்லாம எடுக்க மாட்டார்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

“தெரிஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு நின்னவரு எனக்கு வேணாம்” என்றான் வெல்டர். “சிநேகிதன் செத்தப்போ குழிக்கிட்ட நின்னு அழுதாருல்ல, அந்த மனுஷன் போதும் எனக்கு. அவரு மனுஷன். அவராலயும் முடியல. அதான் அழுதாரு.”

“அழுதுட்டு அவனை உயிரோட எழுப்பினாரேடா.”

“எம் பொண்ணை எழுப்பலையே.”

அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று அதையே சொன்னான். அதோடு சபை விலக்கி வைத்தது; திருவிருந்தில் அவனுக்கு அப்பமும் இல்லை, திராட்சை ரசமும் இல்லை.

ஆனால் மூப்பர் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நேரே இங்கேதான். டீ ஆறிப் போகிற வரைக்கும் வாக்குவாதம்.

“அவருக்குப் பசிச்சுதா இல்லையா, மூப்பரே?”

“பசிச்சது. மனுஷ சுபாவத்துல பசிச்சது. தேவ சுபாவத்துல பசிக்கல.”

“அது சரி! எனக்கு வயிறு ஒண்ணுதான்யா இருக்கு. பசிச்சா முழு ஆளுக்கும் பசிக்குது.”

“நீ வெல்டர்தானே? இரும்பை நெருப்புல போடு. இரும்பும் இருக்கு, நெருப்பும் இருக்கு. எது எதுன்னு பிரிச்சுக் காட்டு பாப்போம்.”

“நெருப்பை அணைச்சா இரும்பு ஆறிப்போகும். சிலுவையில ஆறிப்போச்சே, அது எது? அதைச் சொல்லிட்டு டீயைக் குடி.”

மூப்பர் பதில் தேடிக்கொண்டு போவார். அடுத்த ஞாயிறு ஒரு பதிலோடு வருவார். அவர் ஒருமுறைகூட ஜெயித்து அவள் பார்த்ததில்லை. தோற்றுப் போனதாகவும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது ஜெயித்துவிட்டார். எதிராளி வாய் திறக்க முடியாத நேரம் பார்த்து ஜெயித்துவிட்டார். அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் உட்கார இடம் கேட்காது. போதகர் வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். புதிதாக வந்தவர், வயசுப் பிள்ளை. “சகோதரி, இது பெரிய சாட்சி. சபைக்கே பாடம்” என்றார். அவர் முகத்தில் துக்கத்தைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்ததுபோலத் தெரிந்தது. வெளியே செருப்பு விடுகிற இடத்தில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினார்கள். அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து எதையோ தைத்து முடித்துவிட்டு, கடைசி முடிச்சுக்கு மட்டும் தன்னிடம் வந்திருப்பதாக நினைத்தாள்.

கொழுந்தனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். லாரி ஓட்டுகிறவன். அண்ணன் மேல் உயிர்.

“உள்ள வா தம்பி. கதவைச் சாத்து.”

“என்ன அண்ணி?”

“அவரு சொன்னதை நீ கேட்டியா?”

“மூப்பர்தான் சொன்னாரே...”

“மூப்பர் சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. உங்க அண்ணன் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?”

அவன் லாரிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினான்.

“ரெண்டு நாளா தண்ணி கேக்கவே அவருக்கு வாய் வரல. நான் துணியை நனைச்சு உதட்டுல வச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நான் மாடிக்குப் போனதும் உங்க ரெண்டு பேருகிட்ட மட்டும் வேதபாடம் ஒப்பிச்சாராக்கும்?”

“அண்ணி, விடுங்க. பாப்பா பக்கத்துல இடம் போயிடும்.”

“நான் அதைக் கேக்கல.”

“நீங்க கேக்காட்டியும் அதானே அண்ணி விஷயம்” என்றான். சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு, முகம் காட்டாமல் வெளியே போய்விட்டான்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் மூப்பரின் கைமெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சபையில் யார் செத்தாலும் பெட்டிக்கு உள்துணி தைப்பது அவர்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெள்ளைத் துணியை மடித்து மடித்து ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். துணியைப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். சபை வாங்குகிற மட்டத் துணி இல்லை இது.

“எந்தக் கையை உயர்த்தினாரு அண்ணே?”

மெஷின் நின்றது.

“என்ன தங்கச்சி?”

“வலது கையைத் தூக்கினாருன்னு சொன்னீங்களே. அந்தக் கையை நெஞ்சுல நிறுத்த நான் துண்டு முட்டுக்கொடுத்து வச்சிருக்கேன். வந்து பாருங்க.”

மூப்பர் அவளைப் பார்த்தார். பிறகு தன்னுடைய வலது கையைப் பார்த்தார். எத்தனையோ சாவுக்குச் சாட்சி சொன்ன வாய். வலது கையை உயர்த்தி, வாயைத் திறந்து என்று ஒரே ஓட்டமாக வந்து பழகிய வாய். யாருக்குக் கை அசையும், யாருக்கு அசையாது என்று அது பார்க்கவில்லை.

“அது... பழக்கத்துல வந்துடுச்சு.”

“அப்போ மீதி?”

சக்கரத்தை அரைச் சுற்று சுற்றினார். ஊசி துணிக்குள் இறங்கி நின்றது.

“சொல்லுங்கண்ணே. அவரு என்னதான் சொன்னாரு? இல்லன்னு தலையாட்டினாரா?”

“நான் கேக்கவே இல்ல.”

“என்னது?”

“கேள்வியே கேக்கல தங்கச்சி. கேட்டா இல்லன்னு தலையாட்டிருவான். அவனை எனக்குத் தெரியாதா? ஆட்டிட்டான்னா நான் வெளியில வந்து என்னன்னு சொல்றது? அதான் சும்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் மூச்சு விட்டான். அப்புறம் விடல. அவ்வளவுதான்.”

அவள் நம்பிவிடவில்லை. இதுவும் ஒரு தையலாக இருக்கலாம். ஊருக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை. எனக்கு எது கேட்டால் மனசு ஆறும் என்று இவருக்குத் தெரியாதா?

“பொய்ச் சாட்சி சொன்னா என்ன ஆகும்னு ஞாயிறுதோறும் எங்களுக்குச் சொல்றவரு நீங்க.”

“ஆமா.”

“பின்ன எதுக்கு?”

மூப்பர் துணியை உதறினார். நூல் துணுக்குகள் வேட்டியில் ஒட்டிக்கொண்டன.

“உன் புருஷன் நம்புனது சரின்னா எனக்குப் பயமில்ல. இயேசு செத்துப்போன நல்ல மனுஷன், நான் சொன்னது அவருக்குக் கேக்கவா போகுது? நான் நம்புறதுதான் சரின்னா...” நிறுத்தினார். “கேட்டுக்கிட்டிருக்காரு. காலையிலயிருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். விளிம்புக்கு வந்தபோது தையல் கோணிப்போனது. அவர் தைத்ததில் கோணல் அவள் பார்த்ததேயில்லை. பிரித்து மறுபடி போட்டார்.

“நாளைக்கே பிரசங்கத்துல வெல்டர் தோத்துட்டான்னு சொல்வீங்க” என்றாள்.

“நான் சொல்ல மாட்டேன்.”

“போதகர் சொல்வாரு. நீங்க தலையாட்டுவீங்க.”

அவர் துணியின் அடுத்த ஓரத்தை மடித்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

வேனில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே கணக்குதான். ஆமென் சொன்னால் பிள்ளை பக்கத்தில் அப்பன் இருப்பான். ஆனால் தன்னுடைய ஒரே சொத்தை, எதற்காகச் சபையையே விட்டானோ அந்த ஒரு பேச்சை, தன் பொண்டாட்டி வாயாலேயே இழந்துவிட்டு இருப்பான். சொல்லாவிட்டால் பேச்சு மிஞ்சும், பிள்ளை தனியாகக் கிடக்கும். அவன் எதைக் கேட்பான்? பெட்டியின்மேல் கைவைத்துப் பார்த்தாள். மரம் வெயிலில் சுட்டது.

குழி வெட்டி முடித்திருந்தார்கள். இடம் இருந்தது. நெருக்கிப் பிடித்து இருந்தது. வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றார்.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். ஜெபம் முடிந்ததும் சாட்சிகளைக் கூப்பிட்டார். கொழுந்தன் முன்னால் வந்து, “மூப்பர் சொல்றதுதான் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாங்கினான்.

மூப்பர் வந்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறிக்கை பண்ணினான்” என்றார். கையைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

போதகர் விடவில்லை. “மூப்பரே, எத்தனையோ வருஷம் நீங்க இவரோட போராடினீங்க. கடைசியில சத்தியம் ஜெயிச்சதை உங்க வாயால சபைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வாலிபப் பிள்ளைங்க கேக்கட்டும்.”

வந்துவிட்டது என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூப்பர் பெட்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை.

“அவன் என்கிட்ட தோக்கல ஐயா” என்றார். “ஒரு ஞாயிறுகூட தோக்கல. வெயில் ஏறுது. அடக்கம் பண்ணுங்க.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. ஒருவர் ஸ்தோத்திரம்கூடச் சொன்னார். போதகர் என்ன செய்வது என்று தெரியாமல் புத்தகத்தில் பக்கம் தேடினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“வீட்டார் என்ன சொல்றீங்க?”

யாரோ இருமினார்கள். கொழுந்தன் தலையைத் தூக்கவேயில்லை. மூப்பர் மட்டும் அவளைப் பார்த்தார். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. தீர்ப்புக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

“ஆமென்” என்றாள்.

கயிறு இறங்கியது. இயேசு தேவன் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். எப்போதும் முதல் குரல் மூப்பருடையதாகத்தான் இருக்கும், மற்றவர்கள் பின்னால் போவார்கள். இன்று போதகர் தனியாகத் தொடங்கினார். குரல்கள் முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டு போயின. அவள் மூப்பரைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூடிய வாயோடு, முடிகிறவரைக்கும் அப்படியே நின்றார்.

கூட்டம் கலைந்தது. போதகர் வேனுக்குப் போனார். கொழுந்தன் யாரும் பார்க்காத பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். குழி வெட்டுகிறவர் மண்ணை இழுத்துப் போட ஆரம்பித்தார். புது மண் ஏறி ஏறி, பாப்பாவின் மேடு வரைக்கும் சரிந்து வந்தது. அவர் நிறுத்தி நிமிர்ந்தார்.

“ஏம்மா, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் பள்ளம் விட்டுப் பிரிச்சுக் காட்டிடவா? இல்லன்னா நாளைக்கு எது யாருதுன்னு தெரியாது.”

அவள் மூப்பரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்” என்றாள். “சேத்தே போட்டுடுங்க.”

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, இரண்டு மேட்டையும் ஒன்றாகத் தட்டத் தொடங்கினார்.