முட்டக் கூடாத இரண்டு வண்டிகள்

என் தங்கை ஜெசிதாவை அவளுடைய புருஷன் எமில்ராஜின் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வரத்தான் அன்று மத்தியானம் பருத்தித்துறைக்குப் போனேன். உதடு வெடித்து, கழுத்தில் விரல் தடத்தோடு அவள் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானத்தில் எமில்ராஜ் குடித்துவிட்டு அடித்துப் போட்டதுபோல் கிடப்பான். அந்த நேரத்துக்குள் அவளைக் காரில் ஏற்றிவிட வேண்டும். அவன் எழும்பினால் அவள் உயிரோடு வாசல் படலை தாண்ட மாட்டாள். அதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

நான் கொண்டுபோனது என்னுடைய பழைய ஒஸ்ரின் கார். குருநகரில் மாப்பிள்ளை, பொம்பிளை ஏற்றுவதற்காகவே அதை வைத்திருக்கிறேன். அன்று காலையும் ஒரு கலியாணம். முடிந்த கையோடு பூமாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு நேரே வந்தேன். அவசரத்தில் சோடனை லைற்றுகளை அணைக்க மறந்துபோனேன், விசரன். கார் ஓடும்போது டைனமோ பற்றறிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். நிறுத்திவிட்டால் எடுக்கத்தான் ஆள் உண்டு, கொடுக்க ஆளில்லை. ஜெசிதா உடுப்பு அடுக்கி முடிப்பதற்குள் அந்தக் கிழட்டுப் பற்றறி சீவனை விட்டது. காரின் திறப்பைப் போட்டுத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

வீட்டு வளவுக்குள் எமில்ராஜின் வான் என் காரைப் பார்த்தபடி, நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நின்றது. அவனுடைய றாங்கிக்கும் திமிருக்கும் ஏற்றமாதிரி முன்னால் தடித்த இரும்புக் கம்பி பூட்டியிருந்தான். அதன் பற்றறியிலிருந்து என் காருக்கு உயிர் கொடுக்கலாம் என்று பொனெற்றைத் தூக்கினேன்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தக் காலத்து வாகனங்களில் பற்றறியின் நெகற்றிவ் முனை வண்டியின் உடம்போடு பூட்டியிருக்கும். லைற்றுக்கும் ஹோனுக்கும் வயரால் போகிற மின்சாரம், இரும்பு உடம்பு வழியாகவே திரும்பி வரும். என் ஒஸ்ரின் வெள்ளைக்காரன் காலத்து வண்டி, எல்லாம் மறுதலை. அதில் பொசிற்றிவ் முனைதான் உடம்பில். ஆகவே இரண்டு பற்றறியின் பொசிற்றிவையும் வயரால் இணைத்த பிறகு என் காரின் உடம்பு பொசிற்றிவ், வானின் உடம்பு நெகற்றிவ். இரண்டு உடம்பும் தொடக் கூடாது. தொட்டால் வானின் பற்றறியில் இருப்பதெல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடும். வானில் ஒரு பெட்டி நிறையப் பியூஸ் இருந்தும் பிரயோசனமில்லை. பியூஸ் காப்பது தனக்குப் பின்னால் உள்ள வயரை. இந்தக் கூத்து அதற்கு முன்னாலேயே, பற்றறியின் முனையிலேயே நடந்து முடிந்துவிடும்.

சிவப்பு வயரை இரண்டு பக்கமும் பூட்டினேன். கறுப்பை எடுக்கக் குனிந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"டேய் லெனாட், என்ரை வானையே கழட்டிறாய்?"

எமில்ராஜ். கையில் மீன் வெட்டுகிற கத்தி.

"உன்ரை வான் ஆருக்கு வேணும்? தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அவள் என்ரை மனிசி. போறதெண்டால் பெட்டியிலை போகட்டும்."

வீசினான். என் இடது முன்னங்கை எலும்பு தெரியப் பிளந்தது. வலது கையில் இருந்த ஸ்பனரால் அவன் தாடையில் போட்டேன். பல்லொன்று தெறித்தது. சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்வான். இன்னுமொன்று போட்டேன். அவன் என் வயிற்றில் உதைத்தான். நான் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் போய் விழுந்தேன்.

கத்தியோடு என்மேல் பாய்ந்தவனை ஜெசிதா ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். திரும்பவும் மோதினான். அந்த இழுபறியில் கத்தி கீழே விழ, அவள் அதைக் காலால் எட்டத் தட்டிவிட்டாள்.

கத்தி போனதும் அவன் வானுக்குள் பாய்ந்து ஏறினான். நான் இன்னும் நடுவில்தான் முழங்காலில் கிடந்தேன். தூக்கிய பொனெற் அவன் பார்வையை மறைத்தது. என்னை நசிக்க அவனுக்குப் பார்வை எதற்கு? எஞ்சின் உறுமியது.

"அண்ணை, உருளுங்கோ" என்று ஜெசிதா கத்தினாள்.

உருண்டேன். கம்பி என் காரின் பம்பரில் மோதி, பெயின்ற் உரிந்து, இரும்பும் இரும்பும் தொட்டன. வெல்டிங் கடையில் அடிப்பதுபோல் வெளிச்சம் அடித்தது. சிவப்பு வயர் புகைந்து உருகத் தொடங்கியது. வானின் எஞ்சின் விக்கி நின்றது.

"அதிலை கை வைக்காதை" என்றேன். மாதா சாட்சியாகச் சொன்னேன். அவன் எந்தக் காலத்தில் மற்றவர் சொல் கேட்டான்? இறங்கி வந்து வயரைப் பிடித்து இழுத்தான். அது வானின் பற்றறியை விட்டுக் கழன்ற இடத்தில் பொறி பறந்தது. கொதித்த பற்றறி கக்கியிருந்த வாயு அந்தப் பொறியில் பற்றி வெடித்தது. அசிற் முழுவதும் அவன் முகத்தில்.

கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டு குழறினான். குருடாய்ப் போகட்டும் என்று நான் வாய்விட்டே சொன்னேன். படலை திறந்துதான் கிடந்தது. ஆனால் ஜெசிதா ஓடியது கிணற்றடிக்கு. வாளியோடு வந்து அவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

"விசரே உனக்கு? உவனுக்குப் போய்த் தண்ணி வாக்கிறாய். வா, போவம்."

அவள் நிறுத்தவில்லை. அவள் நெற்றியிலிருந்து இரத்தம் ஒழுகியது. விரலால் அவனுடைய இமையைப் பிரித்துப் பிரித்து ஊற்றினாள். அவன் தடவித் தடவி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஜெசி, என்னை விட்டிட்டுப் போகாதை."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, விளங்காமல் கதைக்கிறியள். உவன்ரை கண் போனால் என்னை ஆர் போக விடுவினம்? மாமி வருவா, பங்குச் சுவாமியார் வருவார், ஊரே வரும். குருடனை விட்டிட்டுப் போறியோ எண்டு கேப்பினம். சாகுமட்டும் நான்தான் உவன்ரை கையைப் பிடிச்சு நடத்தோணும். இன்னொரு வாளி அள்ளித் தாங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றைக் கையால் அள்ளினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக நான் ஒருவனுக்கும் தண்ணீர் அள்ளியதில்லை.

பக்கத்து வீட்டு இராசாத்தி அக்கா அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற ஓட்டோவோடு வந்துவிட்டாள். ஏற்றுவதற்கு முன் ஜெசிதா அவன் முகத்துக்கு நேரே கையை உயர்த்தினாள்.

"இது எத்தினை விரல்?"

அவன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். 

"மூண்டு."

மூன்றுதான். ஒரு கண்ணைப் பொத்திக் கேட்டாள். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக் கேட்டாள். இரண்டுக்கும் சரியாகச் சொன்னான்.

"கண் ரெண்டும் கிடக்கு, அக்கா. நீங்களும் பாத்தனீங்கள்தானே" என்றாள்.

தன் மணிக்கட்டிலிருந்து அவனுடைய விரல்களைக் கழற்றி, அந்தக் கையை இராசாத்தி அக்காவிடம் கொடுத்தாள். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் போகிற றோட்டுக்கு நடந்தாள்.