கயிறு கட்டிய மண்டபம்

சீனாவின் சூசோ நகரத்தில், ஊரறிந்த ஒரு பழைய தோட்டத்துக்கு மூன்று சந்து தள்ளித்தான் கூ சூச்சினின் வீடு. இருந்தும் பதினோரு வருடமாக அவள் உள்ளே கால் வைக்கவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கூட்டத்தைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல்.

இந்த ஏப்ரலில் அவள் கணவர் ஃபான் போகவேண்டும் என்றார். குளத்து மண்டபத்தின் மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஊதாப் பூவைப் பார்க்க ஆசை. பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடை.

காலையில் கதவு திறந்ததும் நுழைந்தார்கள். கோணல் கோணலாக வளையும் கல்பாலத்தைக் கடக்கவே கால்மணி நேரம் ஆனது. பாலம் முடியும் இடத்தில், மண்டபத்தின் குறுக்கே சிவப்புக் கயிறு. உள்ளே பெரிய விளக்குகள். பழங்கால உடையில் ஒரு பெண் தேநீர்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"இங்க ஷூட்டிங், அத்தை. மதியம் வரைக்கும் யாரும் வரக்கூடாது" என்றான் கேமராக்காரன்.

"யாரு அனுமதி குடுத்தா?"

"எல்லாம் பேசியாச்சு."

"யார்கிட்ட? குளத்து மீன்கிட்டயா?"

பின்னால் பாலத்தில் தேங்கி நின்ற கூட்டம் சிரித்தது. சூச்சினுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"இந்த மனுஷனைப் பாரு! அடுத்த தடவை பூக்குறப்போ இருப்பானோ இல்லையோ. அவன் உக்கார ஒரு எடம் கிடையாதா?"

அவள் கயிற்றை அவிழ்த்துத் தரையில் எறிந்தாள். ஜனம் உள்ளே புகுந்தது. கேமராக்காரன் கத்தினான். சத்தம் கேட்டு வந்த காவலாளி, "உன்னை யாருப்பா கயிறு கட்டச் சொன்னது?" என்று அவனையே விரட்டினார்.

"வா, உக்காரு" என்று பெஞ்சைத் தட்டினாள் சூச்சின்.

ஃபான் உட்காரவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"என்னைப் பொணமாக்கித்தான் எடம் புடிக்கணுமா?" நாக்கு குழறினாலும் வார்த்தை தெளிவாக விழுந்தது.

"உனக்காகத்தானே சண்டை போட்டேன்!"

"நீ கத்தணும்னு இருந்த, கத்துன. அதுக்கு என் சாவை ஏன் இழுக்குற? டாக்டர் சொன்னானா?"

"ஏழு மாசமா உன்னைக் குளிப்பாட்டுறேன். ஒரு வார்த்தை வாய் தவறி வரக்கூடாதா?"

"தவறி வரல. மத்தியானம் நான் தூங்குறப்போ மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாக்குற. தெரியாதுன்னு நெனச்சியா?"

ஏழு மாதமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பொறுத்திருக்கிறார். சூச்சினுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகவே திரும்பியது.

"முழிச்சிருந்தா சொல்ல வேண்டியதுதானே, கெழவா? நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைச்சேன்!"

ஃபான் எதிர்ப் பெஞ்சில் போய்த் தனியாக உட்கார்ந்து பூவைப் பார்த்தார். அவள் தூணில் சாய்ந்து, அவரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் தனியா வரேன். டிக்கெட் போடு" என்றார் ஃபான்.

"வழியில விழுந்தா?"

"எந்திரிப்பேன்."

அவள் போனை எடுத்தாள். திரை உடைந்துவிடும் போலக் குத்திக் குத்தி, நாளைக் காலைக்கு ஒரே ஒரு டிக்கெட் போட்டாள். பிறகு இருவரும் கிளம்பினார்கள். அவர் முன்னால், அவள் ஐந்தடி பின்னால்.