லூசிண்டாவின் பிள்ளை

என் புருசனின் பெயரால்தான் டென்மார்க்கின் ரண்டர்ஸில் எங்கள் நித்திரை போனது. யேசுரட்ணம் வில்கொக்ஸ். கலியாணம் பேசியபோது அந்த வில்கொக்ஸ் வால் எனக்குப் பிடித்திருந்தது. மன்னாரில் தோழிகளிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன். எண்பத்தைந்தாம் ஆண்டு அகதியாக வந்த இடத்தில் அந்தப் பெருமைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தமிழனுக்கு ஏது இந்தப் பெயர்? யாருடைய பாஸ்போட்டில் வந்தாய்?" என்று டெனிஷ் பொலிஸ்காரர் கேட்டார். பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். பெயர் பொய்யென்றால் எல்லாமே பொய். கைக்குழந்தையோடு எங்களைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

இவர் தன் வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்ததைச் சொன்னார். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடம் நடத்திய காலத்தில், ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவிலிருந்து யார் உதவினார்களோ, அவர்கள் சொன்ன பெயரையே பிள்ளைக்கு வைப்பார்கள். இவருடைய பூட்டனின் தகப்பனுக்கு உதவியவள் வெர்மொண்ட் பக்கத்தில் பசு வளர்த்த லூசிண்டா வில்கொக்ஸ். செத்துப்போன தன் மகனின் பெயரை வைக்கச் சொன்னாளாம்.

பொலிஸ்காரர் எழுதி முடித்துவிட்டுச் சிரித்தார். "அத்தாட்சி?"

எங்களுக்கு டெனிஷ் படிப்பித்த கிர்ஸ்டனுக்கு வம்சாவழி தேடுவதுதான் பொழுதுபோக்கு. அவளுடைய சொந்தக்காரரில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போனவர்கள். கேட்டவுடன் லூசிண்டாவின் ஊர்ப் பதிவாளருக்கு எழுதிப்போட்டாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் கார் நின்றாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்கு ஓடுவேன். இவரோ "வரும், வரும்" என்றபடி ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பின்னேரம் கிர்ஸ்டன் எங்களைக் கூப்பிட்டாள். பதிவாளர் அம்மா டெலிபோனில் பேசினாராம். லூசிண்டா வாழ்ந்தது உண்மை. ஆனால் அவள் கலியாணமே கட்டவில்லை, பிள்ளையும் பெறவில்லை.

அகதி விசாரணையில் சொன்னதை மாற்றினால் அதோடு சரி.

"செத்த மகன் எண்டு சொல்லிப்போட்டியளே! குமரிக்கு ஏது பிள்ளை எண்டு உங்கடை ஆக்கள் வெக்கப்பட்டு, ஒரு மகனை உண்டாக்கி, சாக்காட்டியும் போட்டினம்" என்று இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் என்னத்தைக் கண்டன், விமலா?"

"அப்பிடியே விடுங்கோ. பொலிஸ் என்ன வெர்மொண்டுக்குப் போகப்போகுதே?"

கிர்ஸ்டன் இன்னும் முடிக்கவில்லை. வெண்ணெய் விற்கப் போகிற வீடெல்லாம் லூசிண்டா, "இலங்கையில் என் பிள்ளை படிக்கிறான்" என்பாளாம். ஒருவரும் நம்பவில்லை. தனிக்கட்டைக்குத் தலை பிசகிவிட்டது என்று சிரித்தார்களாம். இன்றைக்கும் அங்கே யாராவது புளுகினால், "லூசிண்டாவின் பிள்ளையா?" என்று கேட்பார்களாம். அப்படியொரு பிள்ளை இருந்ததற்கு எங்களிடம் அத்தாட்சி உண்டா என்று பதிவாளர் அம்மா விசாரித்தாராம்.

இவர் என் மடியிலிருந்த மகனைத் தூக்கிக்கொண்டார். "நான் உள்ளதைச் சொல்லப்போறன்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன்.

அடுத்த விசாரணைக்கு என்னையும் பிள்ளையையும் உள்ளே விட்டார்கள். கிர்ஸ்டன் விசாரித்து அறிந்ததையெல்லாம் இவர் ஒன்று விடாமல் சொன்னார். பொலிஸ்காரர் பழைய வாக்குமூலத்தைத் தட்டிக் காட்டினார்.

"அன்றைக்கு, செத்துப்போன மகன் என்றாய். இன்றைக்கு, மகனே பிறக்கவில்லை என்கிறாய். கடைசியாகக் கேட்கிறேன், அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இருந்ததா, இல்லையா?"

மொழிபெயர்த்த சபாரத்தினம் அண்ணைக்கே குரல் இறங்கிவிட்டது. நான் கண்ணை மூடி மடு மாதாவைக் கூப்பிட்டேன்.

"இருந்தது" என்றார் இவர். "செத்தது எண்டு நாங்கள் சொன்னதுதான் பிழை. அந்தப் பெடியன் வட்டுக்கோட்டையிலை படிச்சு, கலியாணம் கட்டி, பிள்ளையளும் பெத்தவன். இஞ்சை இருக்கிறம்."

பொலிஸ்காரர் எங்கள் மகனைப் பார்த்தார். பழைய வரியைக் குறுக்கே வெட்டினார். இவருடைய பாஸ்போட்டை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, குழந்தையின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். வில்கொக்ஸ் என்ற இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.