தொட்டுப் பாறுங்க

சாயங்கால ஆராதனைக்குக்கூடப் போகாமல் தங்கபாய் அருமைநாயகம் ஸ்டோரின் மூன்றாம் மாடியில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவிலில் அத்தனை பெரிய கலர் டி.வி. வேறெங்கும் கிடையாது. குண்டூசி முதல் கட்டில் வரை விற்கிற அந்தக் கடையை ஆரம்பித்த அருமைநாயகம் முதலாளியின் கதையைத்தான் டி.வி.யில் வாராவாரம் நாடகமாகப் போடுகிறார்கள். செலவு அவர் மகன் தேவசுந்தரத்தோடது. முதலாளி செத்து ஆறு வருஷம். தங்கபாயின் வீட்டுக்காரர் ஞானஒளிவு செத்துப் பதினொன்று.

"நாலாவது வாரம் நாடகத்துல மாமா வாராங்க அத்தை, பாருங்க" என்று தேவசுந்தரம் சொல்லியிருந்தான். அவ்வளவுதான், மனுஷி தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். முப்பது வருஷம் அந்தக் கடையில் துணி எடுத்துப் போட்ட மனுஷனை இனியாவது நாலு பேர் பேர் சொல்லி நினைக்கட்டும் என்று ஒரே ஆசை. பக்கத்து வீட்டு ஆமினாளையும் கையோடு இழுத்து வந்திருந்தாள்.

அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் துணி அலமாரிக்குள் இருக்கும். பனவடலிசத்திரத்திலிருந்து காட்டுவேலை முடித்து வருகிற சனம் வாசலோடு நின்று விரலை நீட்ட வேண்டியதுதான். வாங்கினால்தான் தொடலாம். ஞானஒளிவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் துணிகளை வெளியே பெஞ்சில் விரித்துப் போட்டு, பலகையில் தானே எழுதி மாட்டினார்: 'தொட்டுப் பாறுங்க. பிடிக்காட்டா வச்சிட்டுப் போங்க.' மூணாங்கிளாஸ் படிப்பு. சின்ன ர, பெரிய ற எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

முதலாளி வந்து பார்த்தார். "கண்ட அழுக்குக் கையும் பட்டா சரக்கு என்னத்துக்குலே ஆகும்?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். ஆனால் பொழுது சாய்வதற்குள் அத்தனையும் விற்றுப் பெஞ்சு காலி. பிறகென்ன, பலகை அங்கேயே தங்கிவிட்டது.

நாடகத்தில் இப்போது அந்தப் பலகை வந்தது. பவுடரை அப்பிக்கொண்ட நடிகர்தான் முதலாளி. கண் கலங்க அவரே பிரஷ் பிடித்து முத்து முத்தாக எழுதுகிறார்: 'தொட்டுப் பாருங்க.' பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு கோமாளி நிற்கிறான்.

"ஞானஒளிவு, இதை வாசல்ல மாட்டுப்பா."

கோமாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: "கண்ட அழுக்குக் கையும் பட்டா சரக்கு என்னத்துக்கு ஆகும் முதலாளி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சீ! அடித்தவன் பேச்சை அடி வாங்கினவன் வாயிலேயே திணித்துவிட்டான்களே! ஒருத்தன் மென்று துப்பினதை இன்னொருத்தன் வாயில் ஊட்டின மாதிரி. மூன்று மாடி கட்டினவர்களுக்கு ஒரு பலகையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா? தங்கபாய்க்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆமினாள் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்து லைட்டைப் போட்டதும் தேவசுந்தரம் மைக்கோடு வந்தான். பின்னாலேயே தட்டில் ஒரு பட்டுச்சேலை வந்தது.

"எங்க கடையோட மூத்த குடும்பம். அத்தை ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

தங்கபாய் மைக்கை வாங்கினாள். "பழைய பலகை எங்க மக்கா?"

"இங்கனதான் இருக்கு அத்தை. திருத்திப் பெயிண்ட் அடிச்சிட்டோம். ஒரே எழுத்துப்பிழை. டி.வி.ல காட்டுனா அசிங்கம்லா?"

"ஒங்கப்பா பிழையா எழுதுவாங்களா?"

"யாரு, அப்பாவா?" தேவசுந்தரம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "தமிழ் வாத்தியார் மகன் அத்தை! அடுத்தவங்க கடுதாசியவே சிவப்பு மையால திருத்துவாங்க. அவங்க எழுத்துல ஒரு புள்ளி தப்பாது."

"அப்போ பிழையா எழுதினது யாரு?"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தேவசுந்தரத்துக்கு முகம் செத்துவிட்டது. பின்னாலிருந்து பனவடலிசத்திரத்துக் காளிராஜ், அன்றைக்கு அந்தப் பெஞ்சிலிருந்து முதல் வேட்டியை எடுத்தவர், எழுந்து நின்றார்.

"ஞானஒளிவு அண்ணாச்சி எழுத்துல்லா அது!"

தேவசுந்தரம் அவசர அவசரமாகத் தட்டை அவள் முன்னால் நீட்டினான். தங்கபாய் சேலையின் முந்தியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நிதானமாகத் தேய்த்துப் பார்த்தாள்.

"தொட்டுப் பாத்துட்டேன் மக்கா. பிடிக்கல."

தட்டிலேயே வைத்துவிட்டு ஆமினாளோடு படி இறங்கினாள்.